இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர்: எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டு வையுங்கள்

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அதன் பெயரைக் கேட்டால், "பிரஷர் மாத்திரைதான் சார், வெள்ளையாச் சின்னதா இருக்கும்" என்று நிறத்தையும் அளவையும் சொல்வார்களே தவிர, பெயரைச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உள்பக்கம் நின்றே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற வேறு பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பெயர் தெரியாமல் இருப்பதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அடெனோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், நெபிவோலால், கார்வெடிலால், புரோப்ரனோலால் என்று 'லால்' என முடியும் பெயருடைய மாத்திரையைச் சாப்பிடுகிறவர், அது என்ன, தமக்கு அதை எதற்காக எழுதினார்கள் என்ற இரண்டையும் அறிந்திருக்கத்தான் வேண்டும். இவை எல்லாம் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தவை. இவை அடிப்படையில் இதயத்தின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் மருந்துகள். இரத்த அழுத்தம் குறைவது இவை செய்யும் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதனால்தான் இவற்றைத் தொடங்குவதிலும், வேறு மருந்தோடு சேர்ப்பதிலும், எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்துவதிலும் தனிக் கவனம் வேண்டியிருக்கிறது. நான் மருத்துவர் அல்லன். யாருக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்று முடிவு செய்வது அவர்கள் வேலை. மாத்திரை கைக்கு வந்த பிறகு நடப்பவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

பயமோ கோபமோ உழைப்போ ஏற்படும்போது உடலில் அட்ரினலினும் நார் அட்ரினலினும் சுரந்து, இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகளில் (அந்தச் சுரப்புகளை வாங்கிக்கொள்ளும் இடங்களில்) போய் ஒட்டிக்கொண்டு அதை வேகமாகவும் வலுவாகவும் துடிக்க வைக்கின்றன. மாத்திரை அந்த ஏற்பிகளில் முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்வதால் நாடித்துடிப்பு குறைகிறது. இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளும் இரத்தத்தின் அளவு குறைகிறது. சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றும் ரெனின் என்ற பொருளைச் சுரப்பதும் தணிகிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் அழுத்தத்தைக் கீழே கொண்டு வருகின்றன. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வகை ஏற்பி மூச்சுக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. அதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இந்த மருந்து பிறந்ததே இரத்த அழுத்தத்துக்காக அன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், நெஞ்சுவலி நோயாளியின் இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் கொடுக்க வழி தேடுவதை விட்டுவிட்டு, அதன் ஆக்சிஜன் தேவையையே குறைத்தால் என்ன என்று யோசித்தார். 1948-ல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் என்ற அமெரிக்கர் ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததை அடித்தளமாகக் கொண்டு, ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் வேதிப்பொருள் நிறுவனத்தில் பிளாக் முதலில் உருவாக்கிய புரோனெத்தலால் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனோலால் நிலைத்தது. அது இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்பதை 1964-ல் பிரையன் பிரிச்சர்டு என்ற லண்டன் மருத்துவர் எடுத்துக்காட்டினார். பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்காக வந்து, இரத்த அழுத்தத்துக்கும் பயன்படலாயிற்று என்ற இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை வியப்பளிக்காது.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் அடெனோலால் 50 மில்லிகிராம் என்பது இரத்த அழுத்தத்துக்கு முதல் கை மருந்து. விலை குறைவு, நாளுக்கு ஒரு வேளை, மாத்திரையும் சின்னது. பிறகு ஆய்வு முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2002-ல் வெளியான லைஃப் ஆய்வில், இதயத்தின் இடது அறை தடித்துப்போன 9,193 இரத்த அழுத்த நோயாளிகளில் ஒரு சாராருக்கு லோசார்டன் என்ற வேறு வகை மாத்திரையும் மற்றவர்களுக்கு அடெனோலாலும் கொடுத்துப் பார்த்தார்கள். இரு தரப்பிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தும், பக்கவாதம் லோசார்டன் தரப்பில் கால் பங்கு குறைவாக இருந்தது. 2005-ல் வந்த அஸ்காட் ஆய்வு 19,257 பேரைக் கொண்டு நடந்தது. அதிலும் அம்லோடிபினில் தொடங்கியவர்கள் அடெனோலாலில் தொடங்கியவர்களைவிட நலமாக இருந்தார்கள். அதே ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மற்ற மருந்துகளோடு ஒப்பிட பீட்டா பிளாக்கர் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 16 விழுக்காடு கூடுதலாக இருப்பது தெரிந்தது. கையில் கட்டும் பட்டையில் அழுத்தம் குறைந்ததாகத் தெரிந்தாலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனிக்குள் அடெனோலால் அந்த அளவுக்கு அழுத்தத்தைக் குறைப்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 2006-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, வேறு காரணம் இல்லாதபோது இரத்த அழுத்தத்துக்கு இதை முதல் மருந்தாகத் தொடங்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அமெரிக்காவின் 2017 வழிகாட்டுதலும் ஏறக்குறைய அதையே சொன்னது. ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் மட்டும் 2023-ல் இதை மீண்டும் ஐந்து முதன்மை வகைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அங்கும் இதயநோய் போன்ற கூடுதல் காரணம் உள்ளவர்களுக்கே முதலில் நினைக்கச் சொல்கிறார்கள். இந்தியாவில் உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியின்கீழ் வகுக்கப்பட்ட எளிய சிகிச்சை முறைகளிலும் அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் ஆகிய மூன்றே முக்கியமாக இடம்பெறுகின்றன.

இதைப் படித்துவிட்டுப் பீட்டா பிளாக்கர் ஒரு பழைய, கெட்ட மருந்து என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கு பைசோப்ரோலால், கார்வெடிலால், நீண்டநேரம் வேலை செய்யும் மெட்டோப்ரோலால் சக்சினேட் ஆகிய மூன்றும் ஆயுளையே நீட்டிக்கின்றன என்பது 1999 முதல் 2001 வரை வெளியான பெரிய ஆய்வுகளில் ஐயமற நிறுவப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை இதயம் பலவீனமானவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று கல்லூரியில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நடந்தால் நெஞ்சுவலி வருகிறவர்கள், மாரடைப்பு வந்து இதயம் பலவீனப்பட்டவர்கள், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்கும் இது தேவைப்படுகிறது. ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம், தைராய்டு மிகையாகச் சுரப்பதால் வரும் படபடப்பு ஆகியவற்றுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். ஆகவே உங்கள் சீட்டில் 'லால்' என்று முடியும் மாத்திரை இருந்தால், "இது எனக்குப் பிரஷருக்கு மட்டுமா, இல்லை இதயத்துக்கும் சேர்த்தா?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை மருத்துவக் குறிப்பேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வேறு ஊரில் வேறு மருத்துவரிடம் போய் உட்காரும்போது அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு, ஒரு கட்டு ரிப்போர்ட்டுக்கு இருக்காது.

இனி, நிறுத்துவதைப் பற்றி. இங்கேதான் நான் அதிகத் தொல்லைகளைக் கண்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்குத் திருப்பூர் போன ஓர் அம்மா. நெஞ்சுவலிக்கும் இரத்த அழுத்தத்துக்குமாகச் சேர்த்து அடெனோலால் சாப்பிட்டு வந்தவர். மாத்திரைப் பையை ஊரிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மருமகன் தெருமுனை மருந்துக்கடையில் பிரஷர் பார்க்கச் சொல்ல, அது நல்லபடியாக இருந்திருக்கிறது. "நார்மலாத்தானே இருக்கு, இருக்கிற மாத்திரையை ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானித்துவிட்டார்கள். திரும்பி வந்து என் சன்னல் முன்னால் நின்றபோது, வரிசையில் நிற்கவே முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நெஞ்சு படபடன்னு அடிக்குது சார், நாலு படி ஏறினா வந்து அடைக்குது" என்றார். மணிக்கட்டில் விரல் வைத்தபோதே நாடி ஓடுகிற ஓட்டம் தெரிந்தது. மருத்துவர் உடனே இசிஜி எடுத்துப் பார்த்து, 108 வண்டியை வரவழைத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். நல்லவேளையாகச் சில நாட்களில் நலமாக வீடு திரும்பினார்.

மாத்திரை சாப்பிட்டதால்தான் அழுத்தம் நன்றாக இருந்தது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது வேறொன்று. நீண்ட நாள் ஏற்பிகளை மறித்து வைத்தால், உடல் அதற்கு ஈடுகட்டும் விதமாக ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. மதகை அடைத்து வைத்த வாய்க்காலில் நீர் மட்டம் ஏறி நிற்பதைப் போன்ற நிலை இது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், கூடியிருக்கும் ஏற்பிகள் அத்தனையின் மீதும் அட்ரினலின் ஒரே நேரத்தில் பாய்கிறது. நாடி எகிறுகிறது, அழுத்தம் முன்பிருந்ததைவிடக் கூடுதலாக ஏறலாம், இதய இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அடைப்பு இருப்பது பலருக்கு அதுவரை தெரிந்திருக்காது என்பதால், "எனக்கு இதயநோய் இல்லையே" என்று தைரியமாக இருந்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் அடெனோலால் மாத்திரையின் விவரத்தாளில் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். நம் ஊரில் அட்டைக்கு வெளியே ஒரு தாளும் வருவதில்லை. கத்தரியால் பத்து மாத்திரையை வெட்டிக் காகித உறைக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். எச்சரிக்கையை வாயால் சொன்னால்தான் உண்டு, அதையும் யாரும் சொல்வதில்லை.

நிறுத்த வேண்டிய தேவை வந்தால், மருத்துவர் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார். அந்த நாட்களில் மூட்டை தூக்குவது, வேகமாக ஓடுவது போன்ற கடும் உழைப்பைத் தவிர்க்கச் சொல்வார். குளோனிடின் என்ற இரத்த அழுத்த மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு எதை முதலில் நிறுத்துவது என்ற வரிசையே முக்கியம்: பீட்டா பிளாக்கரை முதலில் நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்தே குளோனிடினில் கைவைக்க வேண்டும். மாறிச் செய்தால் அழுத்தம் கட்டுக்கடங்காமல் போகலாம்.

ஆகவே வெளியூர்ப் பயணம் என்றால், துணிமணிப் பெட்டியில் ஒரு பங்கும் கைப்பையில் ஒரு பங்குமாக மாத்திரையைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. சீட்டையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றாலும், தன்னார்வலர் வரும் நாளில் நீங்கள் மகன் வீட்டில் இருந்தால் அந்த மாதம் இடைவெளி விழுந்துவிடுகிறது. அட்டையில் ஏழெட்டு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததைக் கேட்டு வைத்துவிட வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிட்டு வழக்கம்போலத் தொடர வேண்டும். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகச் சாப்பிடவே கூடாது.

தொடங்கும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்ல வேண்டியது ஆஸ்துமா. மழைக்காலத்தில் மட்டும் வரும் இளைப்பு, சிறு வயதில் இருந்து பிறகு போய்விட்ட வீசிங் ஆகியவையும் இதில் சேரும். மூச்சுக்குழாயில் இருக்கும் ஏற்பிகளையும் புரோப்ரனோலால் போன்றவை சேர்த்தே மறிப்பதால் குழாய் சுருங்கி மூச்சுத்திணறல் வரலாம். இன்ஹேலரில் உள்ள சால்புடமால் இதே ஏற்பியைத் தூண்டித்தான் மூச்சுக்குழாயை விரிக்கிறது. ஆகவே இரண்டையும் ஒருவரே சாப்பிட்டால் ஒன்று திறக்கப் பார்க்கும், மற்றொன்று மூடப் பார்க்கும். அடெனோலால், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், நெபிவோலால் ஆகியவை இதயத்து ஏற்பிகளையே பெரும்பாலும் தேடிப் போகின்றன என்றாலும், அளவு கூடக்கூட அந்தப் பாகுபாடு குறைந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விடும் ஒரு சொட்டு உடலுக்குள் போய் என்ன செய்துவிடும் என்று கேட்கிறார்கள். மூக்கின் வழியாக இரத்தத்தில் கலந்து நாடியைக் குறைக்கவும் மூச்சை இறுக்கவும் அதனால் முடியும். கண் மருத்துவரிடம் பிரஷர் மாத்திரையையும், பொது மருத்துவரிடம் கண் மருந்தையும் காட்டுவது நோயாளியின் பொறுப்பாகவே நம் ஊரில் இருக்கிறது.

புரோப்ரனோலாலைப் பற்றி ஒரு குறிப்பு. மேடைக் கூச்சத்துக்கும் நேர்முகத் தேர்வுப் படபடப்புக்கும் இது உதவும் என்று தெரிந்துகொண்டு, அப்பாவின் மாத்திரையில் ஒன்றைப் பிள்ளை எடுத்துச் சாப்பிடும் வழக்கம் படித்த வீடுகளில் பரவியிருக்கிறது. அது கைநடுக்கத்தைக் குறைப்பது உண்மை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி சுடும் வீரர் கிம் ஜோங் சு இரண்டு பதக்கங்களை இழந்ததே இந்த மாத்திரையைச் சாப்பிட்டதால்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சிறுவயது ஆஸ்துமா இருந்தால், தேர்வுக்குப் பதில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போக நேரிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு செய்திகள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதைக் கண்டுதான் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். பீட்டா பிளாக்கர் அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் அமுக்கிவிடுகிறது. வியர்வையை மட்டும் அதனால் அமுக்க முடியாது. ஆகவே காரணமில்லாமல் உடம்பு சில்லிட்டு வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கருவி இல்லை என்றால் சந்தேகத்தின் பலனை உடம்புக்குக் கொடுத்து, குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ குடித்துவிட வேண்டும். இரண்டாவது, அடெனோலாலும் தையாசைடு வகை நீர் மாத்திரையும் (சிறுநீரைக் கூட்டி அழுத்தத்தைக் குறைப்பது) சேரும்போது, புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. குடும்பத்தில் எல்லோருக்கும் சர்க்கரை இருக்கும் நம் வீடுகளில் இதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வது தேவையானதே.

வேறு மருந்துகளோடு சேர்வதில் முதலில் அஞ்ச வேண்டியவை வெரபாமிலும் டில்டியாசெமும். இவையும் இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுக்கப்படுபவை. இவையும் நாடியைக் குறைப்பவை. இரு மருத்துவர்கள் தனித்தனியே இரண்டையும் எழுதிவிட்டால், இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டு நாடி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் கல்லீரலில் மெட்டோப்ரோலால் சிதைவதைத் தடுப்பதால், சாப்பிட்டது ஒரு பங்கு என்றாலும் இரத்தத்தில் நிற்பது அதைவிடக் கூடுதலாகிறது. அடெனோலால் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சிறுநீரகத் திறன் குறைந்து இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் ஆகியவை அழுத்தத்தை ஏற்றி, சாப்பிட்ட மாத்திரையின் பலனைக் கெடுக்கின்றன. "பிரஷர் குறையவே மாட்டேங்குது" என்று சொல்லி வருகிறவர்களின் பையைக் கவிழ்த்துப் பார்த்தால், பாதிப் பையில் வலி மாத்திரைதான் இருக்கும். மீதிக்குக் கருவாடும் ஊறுகாயும் பொறுப்பு.

பையைக் கவிழ்ப்பது என்றதும் அட்டைகளின் நினைவு வருகிறது. இந்தியாவில் கூட்டு மாத்திரைகள் அதிகம். ஒரே வணிகப் பெயரின் பின்னால் ஓரிரு எழுத்துகளைச் சேர்த்து, உள்ளே இன்னொரு மருந்தையும் சேர்த்துவிடுகிறார்கள். அம்லோடிபின் அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ஏடி' என்று இருந்தால் அடெனோலால் சேர்ந்திருக்கிறது என்று பொருள். டெல்மிசார்டன் அட்டையில் 'ஏஎம்' என்றால் அம்லோடிபின், 'எச்' என்றால் நீர் மாத்திரை. 'எம்' என்ற ஒற்றை எழுத்தோ சர்க்கரை மாத்திரையில் மெட்ஃபார்மினாகவும், பிரஷர் மாத்திரையில் மெட்டோப்ரோலாலாகவும் இருக்கலாம். கடையில் 'ஏடி' இருப்பு இல்லை என்று வெறும் அம்லோடிபினைக் கொடுத்து, "எல்லாம் ஒன்னுதான், அதே கம்பெனி" என்று சொன்னால், அன்றிலிருந்து அந்த நோயாளிக்கு அடெனோலால் சட்டென்று நின்றுவிடுகிறது. மேலே எழுதிய ஆபத்து அவருக்குத் தெரியாமலே வந்து சேர்கிறது. எதிர்ப்பக்கமாக, தனியாக அடெனோலால் சாப்பிடுகிறவர் 'ஏடி'யையும் சேர்த்துச் சாப்பிட்டு இரட்டிப்பு அளவு உள்ளே போவதும் நடக்கிறது. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் மூலப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். கண் தெரியாவிட்டால் கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம்.

மெட்டோப்ரோலாலிலும் இரண்டு வகை உண்டு. டார்ட்ரேட் என்றால் பொதுவாக இரு வேளை. சக்சினேட் என்றால் நாள் முழுவதும் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட ஒரு வேளை மாத்திரை. 'எக்ஸ்எல்', 'ஈஆர்' என்று பெயரின் பின்னால் போட்டிருப்பார்கள். விழுங்க முடியாத பெரியவர்களுக்கு இதைக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு உரிய மருந்து மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் அந்தப் பெரியவருக்குத் தலைசுற்றாமல் என்ன செய்யும்? நடுவில் கோடு உள்ள மாத்திரையை அந்தக் கோட்டில் இரண்டாக உடைக்கலாம். பொடிக்கவோ மெல்லவோ கூடாது. மெட்டோப்ரோலாலை உணவோடு அல்லது உணவு முடிந்த கையோடு சாப்பிடுவது நல்லது.

பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர் இரத்த அழுத்தத்தோடு நாடியையும் எழுதி வைக்க வேண்டும். வீட்டுக் கருவியில் மூன்றாவதாக வரும் எண் அதுதான். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. நாடி 50-க்குக் கீழே இறங்கினாலும், தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம் ஆகியவை வந்தாலும் அடுத்த வேளைக்கு முன்னால் மருத்துவரைக் கேட்க வேண்டும். அளவிடும் முறையிலும் நம்மவர்கள் அவசரக்காரர்கள். காபி குடித்த கையோடு, சட்டைக்கையின் மேலேயே பட்டையைச் சுற்றிக்கொண்டு, ஊஞ்சலில் கால் ஆட்டியபடி, பேரனிடம் பேசிக்கொண்டே பார்த்தால் வருகிற எண்ணுக்கு ஒரு பொருளும் இல்லை. காபி குடித்தோ புகை பிடித்தோ அரைமணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெறுங்கையில் பட்டையைக் கட்டி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டும். காலை மாத்திரைக்கு முன்னால் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் போதும். மருத்துவமனையில் 140/90 என்பது வரம்பு என்றால், வீட்டில் அது 135/85. நடைப்பயிற்சி செய்கிறவர்கள் கைக்கடிகாரத்தில் வரும் நாடி இலக்கை எட்டவில்லையே என்று ஓடத் தொடங்க வேண்டாம்; மாத்திரை நாடியைப் பிடித்து வைத்திருக்கும்போது அந்தக் கணக்கு பொருந்தாது. பேச்சுத் தடைப்படாமல் நடக்க முடிகிற வேகமே போதுமானது.

தொடக்கத்தில் சோர்வு, கைகால் சில்லிடுதல், புரோப்ரனோலால் போன்றவற்றால் கெட்ட கனவு ஆகியவை வரலாம். பலருக்குச் சில வாரங்களில் பழகிவிடும். ஆண்களுக்குத் தாம்பத்தியத்தில் வரும் குறையை மட்டும் யாரும் சன்னலில் நின்று சொல்வதில்லை. வேறு ஏதேதோ காரணம் சொல்லி மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்; நான் தனியே அழைத்து விசாரித்த பிறகுதான் சிலர் வாய் திறந்திருக்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையுமே அதற்குக் காரணமாக இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். மாத்திரைதான் என்றால் மருத்துவரால் வேறு வகைக்கு மாற்றிக் கொடுக்க முடியும். சொல்லாமல் நிறுத்துவது இந்த ஒரு மாத்திரையில் மட்டும் கூடவே கூடாது.

கருவுற்றிருக்கும்போது அடெனோலாலைத் தவிர்க்கிறார்கள், குழந்தையின் எடை குறையலாம் என்பதால். லாபெடலால் அந்தக் காலத்துக்கு ஏற்ற மருந்தாக நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, நெடுநாளாகச் சாப்பிடுகிறவர் அன்று காலையும் தொடர வேண்டுமா என்பதை மயக்க மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். "வெறும் வயிறு" என்று சொன்னதை மாத்திரைக்கும் சேர்த்துப் பொருள் கொண்டு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதேபோல் அதுவரை சாப்பிடாத ஒருவருக்கு அறுவை சிகிச்சை நாளில் புதிதாகப் பெரிய அளவில் தொடங்குவதும் ஆகாது என்பதை 2008-ல் வந்த பாய்ஸ் ஆய்வு காட்டியது.

பல ஆண்டுகளாக அடெனோலால் மட்டுமே சாப்பிட்டு, அழுத்தமும் நன்றாக இருந்து, தொல்லையும் இல்லாதவர்கள் மேலே சொன்ன ஆய்வுகளைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. நாளையே நிறுத்த வேண்டிய அவசரமும் இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பழைய இசிஜி, சர்க்கரை, கிரியாட்டினின் ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு போய், "எனக்கு இதே மாத்திரை இன்னும் தேவையா, மாற்றலாமா?" என்று கேளுங்கள். இதயக் காரணம் இருந்தால் அவர் தொடரச் சொல்லலாம். வேறு பீட்டா பிளாக்கருக்கும் மாற்றலாம். இல்லை என்றால், பெரும்பாலும் அம்லோடிபினையோ டெல்மிசார்டனையோ முதலில் சேர்த்துவிட்டு, 50 மில்லிகிராமை 25 ஆக்கி, ஓரிரு வாரம் கழித்து அதையும் நிறுத்துவார். அந்த வாரங்களில் காலையும் மாலையும் அழுத்தத்தையும் நாடியையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். நெஞ்சு இறுக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் நிறுத்திய மாத்திரையைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். குறைக்கும் நாட்களில் வீட்டில் பழைய அட்டையும் புது அட்டையும் சேர்ந்தே கிடக்கும் என்பதால், எந்தத் தேதி முதல் எது எத்தனை என்பதை மருந்துக் கடைக்காரரையோ பிள்ளைகளையோ கொண்டு அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்து முடித்ததும் மீந்த பழைய மாத்திரையைப் பக்கத்து வீட்டு "பிரஷர்"காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.